மதிலில் ஏற்றிய கற்கள்

கிட்ட வந்து இருங்கள், பிள்ளைகளே. கதவோரம் நிற்பவரும் உள்ளே வாருங்கள். கதிரை போதாவிட்டால் பாய் கிடக்கிறது. இன்றைக்கு உங்களுக்கு ஒரு கதை தருகிறேன். பேய் பிசாசு கிடையாது, ராசா ராணியும் கிடையாது. நல்லது செய்யப்போன ஒரு பெண்ணின் கதைதான். நல்லதைத்தான் செய்தாள், அதில் பொய்யில்லை. ஆனாலும் அவளுக்கு நெடுநாள் சோறு தொண்டையால் இறங்கவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். சொல்லத்தானே கூப்பிட்டேன்.

அவளுக்குப் பெயர் பிரியவதனி. நெடுந்தீவில் பிறந்து, புளியங்கூடலில் கலியாணம் கட்டியவள். ஊர்காவற்றுறையில் ஒரு கந்தோரில் வேலை. கந்தோர் விட்டால் கழகம், கழகம் விட்டால் வீடு. கழகத்தின் பெயர் ‘தீவக நேசக்கரம்’. வங்கியில் முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்ற தில்லைநாதன்தான் தலைவர். பிரியவதனி செயலாளர். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து, தனித்துப்போன வயோதிபருக்கு உலர் உணவுப் பொதி, மாதத்தில் ஒருநாள் இலவச வைத்திய முகாம், இரத்ததானம், ஊர்கூடித் துப்புரவு செய்யும் சிரமதானம் என்று ஓயாமல் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கும். மஞ்சள் மேற்சட்டை போட்டுக்கொண்டு இவர்கள் பஸ்ஸில் ஏறினால், “இண்டைக்கு எந்த ஊர் மினுங்கப்போகுது?” என்று கொண்டக்டர் பகிடி விடுவார்.

புரட்டாதி மாதத்தில் ஒருநாள் நெடுந்தீவிலிருந்து எமிலியானுஸ் என்பவர் கழகக் கூட்டத்துக்கு வந்தார். அங்கே மாதா கோயிலைப் பார்த்துக்கொள்ளும் மூப்பர். வாய் ஓயாத மனிதர்.

“சேர், எங்கடை சேமக்காலை பத்தையாய்க் கிடக்கு,” என்றார் தில்லைநாதனிடம். சேமக்காலை என்றால் வேதக்காரர் தங்கள் ஆட்களை அடக்கம் செய்யும் இடம். “ஆத்துமாக்கள் நாள் வருகுது. அண்டைக்கு எல்லாரும் செத்த ஆக்களின்ரை குழிக்கு மெழுகுதிரி கொண்டு வருவினம். பெடியள் எல்லாம் பிரான்சிலையும் கனடாவிலையும். மிஞ்சி இருக்கிற நாங்கள் குனிஞ்சா நிமிர ஏலாத ஆக்கள்.”

“நாங்கள் கனபேர் சைவ ஆக்கள். பறவாயில்லையோ?” என்றார் தில்லைநாதன்.

“பத்தைக்குச் சமயம் தெரியுமே சேர்? கத்தியைக் கொண்டு வாங்கோ. ரீயும் வடையும் நான் பாக்கிறன்.”

கூட்டம் முழுக்கச் சிரித்தது. அந்த வேலையைப் பிரியவதனியின் பொறுப்பிலேயே விட்டார்கள். அவள் பிறந்த தீவல்லவா? அவளுக்கும் உச்சி குளிர்ந்துபோயிற்று.

நெடுந்தீவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே வேலி கிடுகு வேலியல்ல. வீட்டுக்கும் வளவுக்கும் தோட்டத்துக்கும் எல்லாம் கடல் தந்த முருகைக்கல் மதில்தான். சீமெந்தும் இல்லை, மண்ணும் இல்லை. கல்லின்மேல் கல்லை இடம் பார்த்து அடுக்கிவிடுவார்கள். பிரியவதனியின் தகப்பன் அந்த வேலையில் கெட்டிக்காரர். நிலத்தில் கிடக்கிற கல் காலை வெட்டும், மாட்டின் குளம்பைப் பிளக்கும், கண்ட உடனே தூக்கி மதிலில் வை என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்தவர். அந்தத் தீவில் எந்த வீட்டுப் பிள்ளையும் அப்படித்தான் வளரும். நடந்து போகும்போது குனிந்து ஒரு கல்லை எடுத்து மதிலில் வைத்துவிட்டுப் போகும். மனம் அறியாமலே கை செய்யும் வேலை அது.

சிரமதானத்துக்குப் போன நாள் வெயில் நல்ல வெயில். படகில் வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தலைச்சுற்று. தில்லைநாதனின் தொப்பியைக் காற்று கடலுக்குக் கொடுத்துவிட்டது. சேமக்காலையில் நாயுருவியும் எருக்கலையும் இடுப்பளவு. சீமெந்துக் குழிகளின் சிலுவைகள் மட்டும் மேலே தெரிந்தன. பின்மூலையில் மதில் சரிந்து, மாடுகள் வந்துபோக வழியாகியிருந்தது.

“இதை முதலில் அடைக்க வேணும்,” என்றாள் பிரியவதனி. ஊர்காவற்றுறைப் பெடியன்களுக்கு மதில் அடுக்கத் தெரியாது. சீலையைச் செருகிக்கொண்டு தானே அடுக்கிக் காட்டினாள். அவர்கள் வைத்த கல் ஆடியது, அவள் வைத்த கல் ஆடவில்லை.

“அக்கா, நீங்கள் கந்தோரிலை இருக்க வேண்டிய ஆளே இல்லை,” என்றான் வாகீசன் என்ற உறுப்பினன்.

“கதையை விட்டிட்டுக் கல்லைக் கொண்டா. இஞ்சை கிடக்கிற கல்லு மதிலுக்குக் காணாது.”

கொஞ்ச நேரத்தில் அந்த மூலைப் பற்றைக்குள்ளிருந்து அவன் கூப்பிட்டான். “அக்கா, இஞ்சை புல்லுக்குள்ளை நிறையக் கல்லுக் கிடக்கு. ஏத்தட்டோ?”

பிரியவதனி போய்ப் பார்த்தாள். பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். கற்கள் சிதறிக் கிடக்கவில்லை. சின்னதாய், நீளவாக்கில், ஒன்றையொன்று தொட்டபடி வட்டம் கட்டி இருந்தன. ஒரு முனையில் இருந்த கல்லில் எப்போதோ பூசிய சுண்ணாம்பின் வெள்ளை. அதற்கப்பால் இன்னும் சில இடங்களில் அதே மாதிரி. யாரோ வைத்த கல்லோ என்று ஒரு நினைவு ஈயைப்போல வந்து இருந்தது. இருந்த வேகத்தில் பறந்தும் போயிற்று.

எங்கள் சைவ ஆட்களுக்குச் சுடலையோடு சரி. சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டால் திரும்பிப்போய்ப் பார்க்க ஓர் இடம் என்று இல்லை. ஒரு பிடி கல்லுக்குள் ஒரு மனிதரின் பெயர் இருக்கும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. கை பழகிய பழக்கம்தான் வாயில் வந்தது.

“நிலத்திலை விடாதை. மதிலிலை ஏத்து.”

பின்னேரம் மதில் முடிந்தது. நேராக, வடிவாக, ஒரு கல் அசையாமல். தேத்தண்ணீர் வாளியோடு வந்த எமிலியானுஸ் வாயைப் பிளந்தார். மதிலுக்கு முன்னால் எல்லோரும் மஞ்சள் சட்டையோடு நின்று படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் பிரியவதனியின் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கும் சந்தோசம் வரும்.

ஆத்துமாக்கள் நாளுக்குக் கழகத்தை அழைத்திருந்தார்கள். கோயிலில் பூசை முடிந்து, சுவாமியார் சேமக்காலைக்கு வந்து குழிகளை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். சனம் தங்கள் தங்கள் குழியில் பூவும் மெழுகுதிரியும் வைத்துக்கொண்டிருந்தது. தில்லைநாதனும் பிரியவதனியும் வாசலோரம் மரியாதையாக நின்றார்கள்.

அப்போதுதான் செபமாலை வந்தார். கடற்றொழில் செய்பவர். ஒட்டிய கன்னம், கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. மகள் சுலக்சனா பிள்ளைப்பேற்றுக்கு இருந்தபடியால் நெடுநாள் ஊர்காவற்றுறையில் மகள் வீட்டில் நின்றுவிட்டு, முதல்நாள்தான் தீவுக்குத் திரும்பியிருந்தார். ஒரு கையில் மெழுகுதிரி, மற்றக் கையில் நித்தியகல்யாணிப் பூ. பெரிய சிலுவையடியில் நின்று சிலுவை அடையாளம் போட்டார். பிறகு யாரையும் பாராமல், சொந்த வீட்டுக்குள் நடப்பவர்போல நேரே பின்மூலைக்கு நடந்தார். ஓரிடத்தில் நின்றார். குனிந்தார்.

நிலத்தைப் பார்த்தார். காலைப் பார்த்தார். அந்தப் பக்கம் திரும்பினார், இந்தப் பக்கம் திரும்பினார். பெரிய சிலுவையடிக்குத் திரும்பிப்போய் மறுபடி அங்கிருந்து நடந்தார். அதே இடத்தில் வந்து நின்றார். வெறும் நிலம், சீராக வெட்டிய புல். பிறகு வேறிடம், அதற்குப் பிறகு இன்னோரிடம்.

புல்லுக்குள் இருந்த அந்தச் சின்ன வட்டமும் வெள்ளைக் கல்லும் பிரியவதனியின் கண்முன்னே வந்து நின்றன.

“என்ன மச்சான், வழி தவறிப்போச்சோ?” என்று எமிலியானுஸ் கேட்டார். அவர் மூப்பராக வந்து கனகாலம் இல்லை. சீமெந்துக் குழிகளின் பெயர்தான் அவருக்குத் தெரியும். அந்த மூலை அவருக்கும் வெறும் பற்றை.

“மெற்றில்டாவின்ரை கல்லுகள்...” என்றார் செபமாலை. “இஞ்சைதான்...”

மெற்றில்டா அவருடைய மூத்த மகள். குப்புறப் பிரளமுன்னே காய்ச்சலில் போன பிள்ளை. சீமெந்து பூச வழியில்லாத காலம். தகப்பனே கடற்கரையில் கல் பொறுக்கி வந்து சுற்றிவர வைத்தார். மரச் சிலுவை உக்கிப்போன பிறகும் கல் இருந்தது. தாய்க்காரி இடம்பெயர்ந்த ஊரில் கண்ணை மூடி, அங்கேயே அடக்கமாகிவிட்டாள். அவளுடைய குழி எங்கே என்று இப்போது யாரும் காட்ட முடியாது. செபமாலைக்கு மெழுகுதிரி கொளுத்த உலகத்தில் இருந்தது இந்த ஓரிடம்தான்.

“பேத்தியைக் கண்ட சந்தோசப் புளுகத்திலை மகளை விட்டிட்டாய் போலை,” என்றார் எமிலியானுஸ். “எடேய், உனக்கு மறதிக் காலம் துவங்கீற்றுது. அண்டைக்கும் குடையை என்ரை வீட்டிலை விட்டிட்டுப் போனனி.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். செபமாலையும் சிரிக்கப் பார்த்தார். வாய் கோணியது, சிரிப்பு வரவில்லை. “மறந்துதான் போனன் போலை,” என்றார்.

அந்த நேரம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ‘ஐயா, நீங்கள் மறக்கேல்லை, கல்லை நான்தான் எடுத்தனான்.’ அவ்வளவுதான். அதைச் சொல்ல ஒரு மூச்சுக் காணும். பிரியவதனி வாயைத் திறந்தாள். ஆனால் சுவாமியார் கழகத்துக்கு நன்றி சொல்லத் தொடங்கிவிட்டார். எமிலியானுஸ் ஓடிவந்து அவளுடைய தோளில் பொன்னாடை போர்த்தினார். சனம் கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்கிடையில் செபமாலை பெரிய சிலுவையடியில் மெழுகுதிரியை வைத்துவிட்டு, பூவையும் அங்கேயே போட்டுவிட்டு, கையைச் சட்டையில் துடைத்தபடி வெளியே போனார். போகும்போது அவளைப் பார்த்து, “வடிவாய்ச் செய்திருக்கிறியள், பிள்ளை,” என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

பொன்னாடையை வீட்டில் அலுமாரிக்குள் வைத்தாள். அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் அதன் சரிகை மினுங்கியது. வேறு சீலையைத் தூக்கி மேலே போட்டு மூடினாள். “என்ன, உடம்பு சரியில்லையோ?” என்று புருசன் கேட்டபோது, “வெயில்,” என்றாள். மழை பெய்துகொண்டிருந்தது.

சொல்லலாம், அடுத்தமுறை தீவுக்குப் போகும்போது சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள். அந்த அடுத்தமுறை வரவே மாட்டேன் என்றது.

கழகத்தின் வைத்திய முகாம் நாள் வந்தது. பிரியவதனி வாசலில் இருந்து ஆட்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து நின்றாள்.

“அக்கா, நான் சுலக்சனா. நெடுந்தீவுச் செபமாலையின்ரை மகள்.”

பிரியவதனி குழந்தையின் பக்கம் திரும்பினாள்.

“குழந்தைக்கு ஏதும் சுகமில்லையோ?”

“இவளுக்கு ஒண்டுமில்லை. அப்பாவுக்குத்தான். மறதி வருத்தம் பாக்கிற டொக்டர் உங்கடை முகாமுக்கு வருவாரோ எண்டு கேக்க வந்தனான்.” “ஆத்துமாக்கள் நாளிலை செத்துப்போன எங்கடை மூத்தக்காவின்ரை குழியை அவரால கண்டுபிடிக்க ஏலாமப் போச்சாம். அண்டையிலை இருந்து மனுசன் கடலுக்குப் போறேல்லை.”

“கடலுக்கு ஏன் போறேல்லை?”

“இறங்குதுறையிலை இருந்து வெளிக்கடலுக்குப் போற வழி பாறையளுக்கு நடுவாலை, அக்கா. அடையாளம் ஒண்டும் இல்லை. எல்லாம் அப்பாவின்ரை மண்டைக்குள்ளைதான். ‘சொந்தப் பிள்ளை கிடக்கிற இடம் தெரியாதவனுக்குப் பாறை கிடக்கிற இடம் எப்பிடித் தெரியும், என்னை நம்பி வாற பெடியனையும் சாக்காட்டவோ’ எண்டு கேக்கிறார். வலையைக் குடுத்திட்டார். வள்ளத்தைப் புங்குடுதீவு ஆள் ஒருத்தர் வாற ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோகப்போறாராம். தண்ணியிலை நிண்ட மனுசன் அக்கா, எங்கடை வீட்டு மூலையிலை வந்து குந்தி இருக்கப்போகுது.”

குழந்தை பிரியவதனியின் மஞ்சள் சட்டையைப் பிடித்து இழுத்தது. அதன் விரலைப் பிரித்துவிடக்கூட அவளுக்குக் கை எழவில்லை.

முகாம் முடிந்ததும் தில்லைநாதனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கெட்ட மனிதர் அல்ல அவர். கழகத்தைத் தன் பிள்ளைபோலப் பார்ப்பவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இப்ப இதை ஊருக்குச் சொன்னா என்ன நடக்கும், தங்கச்சி? சேமக்காலையை இடிச்ச சைவக்காரர் எண்டு ஒருத்தன் துவங்குவான். அடுத்த ஊருக்கு எங்களைக் கூப்பிடுவினமோ?”

“மனுசன் தனக்கு மூளை பிழைச்சுப்போச்சு எண்டு நினைக்குது, சேர்.”

“அதுக்குத்தான் சொல்லுறன். சீமெந்திலை வடிவான சிலுவை ஒண்டு செய்விப்பம். பிள்ளையின்ரை பேரும் போடுவம். அந்த மூலையிலை ஓரிடத்திலை நட்டுப்போட்டு, இடத்தைக் கண்டுபிடிச்சிட்டம் எண்டு சொல்லும். அவருக்கும் ஆறுதல், எங்களுக்கும் ஆறுதல். அந்தப் பொய்யாலை ஆருக்கு என்ன நட்டம்?”

வீட்டுக்குப் போய் யோசிக்க யோசிக்கப் பிரியவதனிக்கு அதுவே சரி என்று பட்டது. ஆர் மனமும் நோகாது, கழகத்தின் பெயரும் கெடாது. ஞாயிற்றுக்கிழமை வரமுன் நெடுந்தீவுப் படகில் ஏறினாள். வழி முழுக்க அந்தப் பொய்யை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டே போனாள்.

செபமாலை கடற்கரையில் வள்ளத்தைக் கவிழ்த்துப்போட்டு அடிப்பக்கத்துப் பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வேறொருவருக்குக் கொடுக்கப்போகிற வள்ளம். அப்படியிருந்தும் அப்படிப் பார்த்துப் பார்த்துச் சுரண்டினார்.

“வாரும் பிள்ளை, வெயிலுக்கை நிக்காதேயும். இந்த நிழலிலை இரும். பிளேன்ரீ குடிக்கிறீரோ?”

“வேண்டாம், ஐயா.” அவள் இருக்கவில்லை. பழகிய சொற்களை எடுத்தாள். “ஐயா, மெற்றில்டாவின்ரை இடத்தைக் கண்டுபிடிச்சிட்டம்.”

சுரண்டிய கை நின்றது. அந்த முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும், பிள்ளைகளே. விளக்கைத் தூண்டிவிட்டதுபோல.

“மெய்யே? எங்கை? கல்லுக் கிடந்ததோ?”

அவள் திகைத்தாள். இந்தக் கேள்விக்கு அவள் பழகவில்லை. கல் கிடந்தது என்றால், இப்போது எங்கே என்பார். கல் இல்லை என்றால்?

“கல்லு...” என்று இழுத்தாள்.

“கல்லு இல்லையோ?” மலர்ந்த முகம் மெல்ல மெல்ல அணைந்தது. “சுத்திவரக் கல்லு வைச்சனான், பிள்ளை. தலைமாட்டுக் கல்லுக்குச் சுண்ணாம்பும் பூசினனான். அதுவும் நான் நினைச்சுக்கொண்டதோ? அப்ப எனக்கு முத்தித்தான் போச்சு.”

அங்கேதான் அவளுக்கு விளங்கியது. குழிக்கு ஓரிடத்தைப் பொய்யாகக் காட்டிவிடலாம். இந்த மனிதர் இழந்தது குழியை மட்டும் அல்லவே. கல் இருந்தது என்று யாராவது சொன்னால்தான் இவருக்குத் தன் தலை திரும்பக் கிடைக்கும். அதைச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் இவள் ஒருத்திதான்.

“கல்லு இருந்தது, ஐயா.”

“என்ன?”

“இருந்தது. நீளவாக்கிலை, சின்னதாய், சுத்திவர. ஒரு கல்லிலை சுண்ணாம்பு வெள்ளை. என்ரை கண்ணாலை பாத்தனான். பாத்திட்டுத்தான் மதிலிலை ஏத்தச் சொன்னனான். உங்களுக்கு ஒரு மறதியும் இல்லை. நான்தான்... இடத்தைக் கண்டுபிடிச்சது எண்டதும் பொய், ஐயா.”

செபமாலை வள்ளத்தின்மேல் கையை ஊன்றிக்கொண்டு அப்படியே மணலில் இருந்தார். “இருந்ததாம்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். “வெள்ளையும் இருந்ததாம்.” ஒரு கையால் மற்றக் கையைத் தடவினார். பிறகு அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று பிரியவதனிக்குத் தெரியவில்லை.

“நானும் நெடுந்தீவான்தானே,” என்றார். “நிலத்திலை கல்லைக் கண்டா நானும் தூக்கி மதிலிலைதான் வைப்பன். அதுக்கு உம்மை ஒண்டும் சொல்லேலாது.”

அவளுக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சு அங்கேயே நின்றது, ஏனென்றால் அவர் இப்போது அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“ஆனா பிள்ளை, அண்டைக்கு நான் அந்த மூலையிலை விசரன் மாதிரி நடக்கேக்கை நீர் அங்கைதானே நிண்டனீர்?”

“ஓம்.”

“அப்பவே தெரியுமோ?”

“ஓம், ஐயா.”

“எமிலியானுஸ் பகிடி பண்ணேக்கையும்?”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

“நீர் பொன்னாடையோடை நிண்டனீர். நான் உம்மட்டை வந்து, வடிவாய்ச் செய்திருக்கிறியள் எண்டு சொன்னனான்.” குரலை உயர்த்தவில்லை அவர். உயர்த்தியிருந்தால் தாங்கியிருப்பாள். “ராவிலை எழும்பி இருந்து என்ரை மனுசியின்ரை பேரைச் சொல்லிப் பாப்பன், அதுவும் மறந்துபோச்சோ எண்டு. இவ்வளவு நாளும்.”

“என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, ஐயா.”

“கல்லை மன்னிச்சிட்டன். மற்றதுக்குக் கொஞ்சக் காலம் செல்லும்.” எழுந்து மணலைத் தட்டினார். “என்னட்டை மட்டும் சொல்லிப்போட்டுப் போனாக் காணாது. அந்த மூலையிலை என்ரை பிள்ளை மட்டுமே கிடந்தது? எல்லாரிட்டையும் சொல்லும்.”

சொன்னாள். ஞாயிறு பூசை முடிந்து சனம் வெளியே வந்தபோது கோயில் முற்றத்தில் நின்று சொன்னாள். ஒன்றையும் மழுப்பவில்லை. முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் ஒரு கிழவி, “ஐயோ, என்ரை தம்பி!” என்று தலையில் கை வைத்தாள். “படம் எடுக்க வந்தவையள்தானே” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பிரியவதனி அதையும் கேட்டுக்கொண்டு நின்றாள். எமிலியானுஸ் மட்டும் வழமைக்கு மாறாகப் பேசாமல் நின்று, பிறகு செபமாலையிடம் போனார்.

“மச்சான், நான் அண்டைக்கு...”

“உன்ரை வீட்டிலை கிடக்கிற குடையைக் கொண்டுவந்து தா. அதை மெய்யாத்தான் மறந்தனான்,” என்றார் செபமாலை.

வள்ளத்துக்கு வந்த புங்குடுதீவு ஆள் அன்றைக்கு வெறுங்கையோடு படகேறினார். கொடுத்த வலையைத் திருப்பிக் கேட்டு வாங்கினார் செபமாலை.

தில்லைநாதன் சில நாள் பிரியவதனியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மதிலுக்கு முன்னால் எடுத்து மாட்டியிருந்த படத்தைக் கழகம் கழற்றிவிட்டது. ஆனாலும் அடுத்த லீவு நாளில் ஏழெட்டுப் பேர் நெடுந்தீவுக்கு வந்தார்கள். மஞ்சள் சட்டை இல்லை, பதாகை இல்லை. தில்லைநாதனும் புதுத் தொப்பியோடு வந்திருந்தார். வந்ததும் வாகீசனிடம், “முதல் கல்லை நான் இறக்கிறன்,” என்றார்.

அந்த மூலை மதிலை இறக்கினார்கள். ஏற்றியதைவிட இறக்குவது கடினமாக இருந்தது. பிரியவதனி அடுக்கிய மதிலல்லவா, ஒரு கல்லும் இலேசில் விடவில்லை. எந்தக் கல் யாருடையது என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. சுண்ணாம்பு பூசிய கல் எங்கோ உள்ளே போயிருந்தது, மழையில் கரைந்துமிருக்கலாம். அது அகப்படவே இல்லை. அந்தக் கிழவி தம்பியின் இடம் என்று ஒன்றைக் காட்டினாள், பிறகு இல்லை என்று இன்னொன்றைக் காட்டினாள், பிறகு இரண்டுக்கும் நடுவில் கல்லை வைத்துவிட்டு அழுதாள். ஆள் வராத இடங்களும் இருந்தன. அவர்களுடைய ஆட்கள் எந்த நாட்டில் இருக்கிறார்களோ.

செபமாலை பெரிய சிலுவையடியிலிருந்து நடந்தார். ஆத்துமாக்கள் நாளில் முதலில் எங்கே வந்து நின்றாரோ, அங்கேயே வந்து நின்றார்.

“அண்டைக்கும் கால் இஞ்சைதான் நிண்டது,” என்றார். “கல்லு இல்லாதபடியால் காலை நான் நம்பேல்லை.”

முழங்காலை மடித்து இருந்தார். பிரியவதனி மதிலிலிருந்து ஒரு கல்லைத் தெரிந்தெடுத்துக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் கையை நீட்டவில்லை. கல் பாரம்தான். அவள் நீட்டியபடியே நின்றாள், எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவள் குனிந்து அந்தக் கல்லை அவர் பக்கத்தில் நிலத்தில் வைத்துவிட்டு விலகினாள். அவர் அதை நிலத்திலிருந்து எடுத்து, மண்ணைத் துடைத்து, மகளின் தலைமாட்டில் வைத்தார்.

அடுத்த கல்லையும் அவள் நிலத்திலேயே வைத்தாள். அவர் நிலத்திலிருந்தே எடுத்தார். அப்படியே வட்டம் நிறையும்வரை ஒரு பேச்சில்லாமல் அந்த வேலை நடந்தது.

இவ்வளவும்தான் கதை, பிள்ளைகளே. இனி எழும்புங்கள், விளக்கு வைக்கிற நேரம். உங்கள் வீட்டில் கடலுக்குப் போனவரும் கந்தோருக்குப் போனவரும் வழி பிசகாமல் வந்து சேரட்டும். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்குத் தங்கள் நினைவு தங்களுக்கே துணையாக இருக்கட்டும். ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டிய சொல் உங்கள் வாசலுக்கு நேரத்தோடு வரட்டும், வந்ததை உட்கார வைத்துக் கேட்கிற மனமும் உங்களுக்கு இருக்கட்டும். உங்கள் அடுப்பு என்றைக்கும் அணையாமல் எல்லோரும் சுகமாக இருங்கள்.